பாடு முறையும் இணைய வரம்பும்

பழவேற்காட்டு ஏரி பார்ப்பதற்குக் கடல் போல விரிந்து கிடந்தாலும் இறால் எல்லா இடத்திலும் வலைக்கு வராது. முகத்துவாரத்தின் பக்கம் சில இடங்கள் உண்டு. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவந்து சேர்த்த தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும்போது, ஏரியில் வளர்ந்த இறால் அந்த இழுப்போடு அங்கேதான் திரண்டு வரும். கம்பு ஊன்றிச் சுத்து வலை கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் இடம் கொஞ்சம், வலை நிறைய. எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் முன்னால் கட்டியவன் அள்ளுவான், பின்னால் கட்டியவன் பாசியை உதறிக்கொண்டு வீடு திரும்புவான்.

இதற்கு மீனவச் சாதியான எங்கள் பட்டினவர் ஊர்கள் வைத்திருந்த ஏற்பாட்டின் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் அந்த நல்ல இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொண்டன. இன்று ஓர் ஊர் இங்கே கட்டினால் அடுத்த முறை வேறு இடத்துக்கு நகர வேண்டும். ஊருக்குள்ளே யார் யாருக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கல் சொல்லும். தலைக்கட்டு என்னும் ஊர்ப் பங்காளிகள் பட்டியலில் பெயர் இருந்து, ஊர் வரி கட்டியவருக்குப் பங்கு உண்டு. பெரிய வலைக்காரருக்கும் ஒரு முறைதான், கடன் வாங்கி வலை வாங்கியவருக்கும் ஒரு முறைதான். மீறினால் ஊர் கூடும், அபராதம் விழும்.

இது எங்களுக்கு மட்டும் தோன்றிய வழி அல்ல. கொச்சிக் காயலில் பாடு உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பின் கட்டுவலைக்காரர்களும் இப்படித்தான் முறை வைத்துப் பிடித்தார்கள். அங்கே 1958-இல் அரசு அந்த வழக்கத்தை ஒழுங்குவிதிகளாகவே ஏற்றுக்கொண்டது.

என் அப்பா தலைக்கட்டில் இருந்தவர். நான் பழவேற்காடு கடைத்தெருவில் சிறிய கணினி மையம் நடத்துகிறேன். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கான விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை எல்லாம் என் ஒரே இணைப்பின் வழியாகப் போகின்றன. மாதக் கடைசியில் அந்த இணைப்பு நொண்டும். ‘நியாயமான பயன்பாட்டு வரம்பு’ முடிந்துவிட்டது என்று செய்தி வரும். நியாயம் என்று எழுதியிருப்பதால் அதைப் பாடு முறையோடு ஒப்பிடாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இந்த வரம்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 2004-இல் மத்திய அரசின் அகலக்கற்றைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலக்கற்றை என்று வகுத்தது. 2005-இல் பிஎஸ்என்எல் தொலைபேசிக் கம்பியிலேயே அந்தச் சேவையைக் கொண்டுவந்தது. ஒரே கொள்ளளவைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்வதுதான் இதன் அடிப்படை. 2009-இல் ட்ராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வீட்டு இணைப்புகளுக்கு 50-க்கு 1 என்ற பங்கீட்டை எல்லையாக வைத்தது. படம், காணொளி என்று பயன்பாடு பெருகியதும் நிறுவனங்கள் ‘வரம்பற்ற’ திட்டம் என்று விற்றுவிட்டு, ஓர் அளவுக்கு மேல் போனால் வேகத்தைக் குறைத்தன. அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் 2008-இல் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 ஜிபி என்று வரம்பு வைத்தது. இங்கே ட்ராய் 2012-இல் தலையிட்டு, குறைத்தாலும் 256 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்றது. 2016 அக்டோபரில் அதைக் கம்பி இணைப்புகளுக்கு 512 ஆக்கியதோடு, வரம்பில் 50, 90, 100 விழுக்காடு தீரும்போதெல்லாம் வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஜியோ, தினசரி ஜிபி என்ற கணக்கை வீட்டுக்கு வீடு பழக்கிவிட்டது. கைப்பேசித் திட்டங்களில் அன்றைய பங்கு தீர்ந்தால் 64 கிலோபிட் என்பது இப்போது சகஜம். அந்த வேகத்தில் 10 எம்பி கோப்பு ஒன்று இறங்க 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். கரையில் நின்றுகொண்டு அலை உயரமும் காற்றும் பார்க்க நினைப்பவருக்கு அது இணைப்பே இல்லாததற்குச் சமம்.

அளவு வைப்பது தவறு என்று பாடு கட்டிய குடும்பத்தில் பிறந்த நான் சொல்ல மாட்டேன். பொதுவில் இருப்பதை ஒருவரே அள்ளக் கூடாது. ஆனால் பாடு நெரிசலுக்கு மட்டுமே கட்டுப்பாடு வைத்தது. இறால் வரும் இடம், வரும் காலம், அதற்குரிய வலை இவற்றுக்குத்தான் முறை. ஏரியின் மற்ற பகுதியில் மடவைக்கோ நண்டுக்கோ வலை போடுபவரை யாரும் குலுக்கலுக்கு அழைத்ததில்லை. மாத வரம்பு அப்படி இல்லை. கம்பி சும்மா கிடக்கும் விடியற்காலையில் நான் ஒரு படிவத்தை இறக்கினாலும் அது கணக்கில் ஏறுகிறது. நெரிசலான இரவில் புதிதாக மாதக்கணக்கு தொடங்கிய ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். கூடுதல் பணம் கட்டினால் என் வேகமும் உடனே திரும்பிவிடும். நெரிசலைக் குறைப்பதற்கான விதியானால் பணம் கட்டியதும் நெரிசல் எங்கே போயிற்று?

பாடு குறையில்லாதது என்றும் சொல்லக் கூடாது. பறியை வைத்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் இடமில்லை. மற்ற சாதியாருக்கும் இல்லை. இறாலைச் சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய என் அம்மாவின் பெயரும் தலைக்கட்டில் வந்ததில்லை. நைலான் வலையும் ஏற்றுமதி விலையும் வந்தபின் ஏரியில் இறங்கும் கை பெருகியது. முகத்துவாரம் மண் மூடி இறால் குறைந்தபோது பங்கு இல்லாதவர்களின் கோபமும் கூடியது. அந்தக் கோபம் நியாயமானது. பாடு முறை ஆட்டம் கண்டதற்கு அந்த விலக்கலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

என்றாலும் குலுக்கல் ஊர் நடுவில், எல்லார் கண்ணெதிரேதான் நடந்தது. விதி செய்தவரும் அதே இடத்தில் வலை கட்டியவர்தான். இணையத்தில் வரம்பை வகுப்பவர் அதை விற்பவர்.

ட்ராய் புதிய விதி எழுதும் முன் ஆலோசனைத் தாள் வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அடுத்த முறை கேட்கும்போது மீனவக் குப்பங்களில் இருப்பவர்களும் எழுதுங்கள். நெரிசல் நேரத்தில் மட்டும் வரம்பைக் கணக்கிடட்டும், வானிலை எச்சரிக்கைக்கும் அரசுப் படிவத்துக்கும் எந்த நாளும் வேகம் குறையாமல் இருக்கட்டும் என்று கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.