பண்டிகை வழி அயல்மொழிக் கற்பித்தல்: ஸ்பானிய வகுப்பில் இறந்தோர் நாள்

அயல்மொழி வகுப்பில், அந்த மொழியைப் பேசும் மக்களின் பண்டிகை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றிப் பேச்சும் எழுத்தும் கேட்டலும் அமையுமாறு பாடம் நடத்துவது பல நாடுகளில் உள்ள வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஸ்பானிய வகுப்புகளில் இவ்வாறு பரவலாக எடுத்தாளப்படும் பண்டிகைகளுள் ஒன்று மெக்சிகோவின் இறந்தோர் நாள் (தியா தே முயெர்தோஸ்).

இது நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் வருகிறது. இரண்டாம் நாள், தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் என்று கொண்டாடும் அதே நாள்தான். மெக்சிகோவில் அதனோடு பழங்குடி மரபுகளும் கலந்துள்ளன. பொது வழக்கில் இறந்த குழந்தைகளுக்கு முதல் நாள், பெரியவர்களுக்கு மறுநாள். வீட்டில் ‘ஒஃப்ரெந்தா’ எனும் படையல் வைப்பார்கள்: இறந்தவரின் படம், மெழுகுவத்தி, தண்ணீர், உப்பு, அந்த நாளுக்கென்றே சுடும் ரொட்டி, அவருக்குப் பிடித்த பண்டம், குவியலாகச் செண்டுமல்லி. செண்டுமல்லியின் தாயகமே மெக்சிகோதான். யுனெஸ்கோ 2008இல் இவ்விழாவை மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2017இல் வெளிவந்த ‘கோகோ’ திரைப்படம் பல மாணவர்களுக்கு முதல் அறிமுகம்.

படையலை வகுப்பில் வைப்பதற்கு இலக்கணக் காரணம் ஒன்று உண்டு. ஸ்பானிய மொழியில் இறந்தகாலம் இரண்டு வகை. பிறந்தார், இறந்தார், மணந்தார் என முடிந்துபோன நிகழ்ச்சிக்கு ஒரு வடிவம் (நாசியோ, முரியோ). சமைப்பார், பாடுவார், சீட்டாடுவார் என அவர் வாழ்ந்தபோது இருந்த வழக்கத்துக்கு இன்னொன்று (கொசினாபா, கந்தாபா). ஆங்கிலம் பேசும் மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இது. படையலின் முன் நின்று ஒருவரைப் பற்றி நான்கு வாக்கியம் சொன்னால், இரண்டு வடிவமும் தாமாகவே வந்துதான் ஆகவேண்டும். தொடக்க நிலையினருக்கு மேசை மேல், படத்துக்குப் பக்கத்தில், ரொட்டிக்குப் பின்னால் என இடம் குறிக்கும் சொற்களே போதும். நல்ல பண்டிகைப் பயிற்சியின் உரைகல்லும் இதுதான்: கற்கவேண்டிய மொழி வடிவத்தைப் பண்டிகையே கேட்டு வாங்கவேண்டும். மண்டையோட்டு முகமூடிக்கு வண்ணம் தீட்டுவதில் ஒரு மணி நேரம் போனால், நடந்தது கைவேலை வகுப்பு.

மேல்நிலை மாணவர்களுக்கு ஏற்றது ‘கலாவெரிதா’ எனும் நையாண்டிப் பாட்டு. உயிரோடு இருக்கும் ஒருவரை மரணதேவி தேடி வந்து, அவருடைய தொழிலையும் பலவீனத்தையும் கிண்டல் செய்து அழைத்துப் போவதாகப் பாடுவது மரபு. பெரும்பாலும் நான்கடிச் செய்யுள். அடிக்கு எட்டு ஒலியசை, இறுதியில் இயைபு. பத்தொன்பதாம் நூற்றாண்டு மெக்சிகோ அச்சகங்கள் இவற்றை அரசியல்வாதிகள்மேல் ஏவின. அன்டோனியோ வனேகாஸ் அர்ரோயோவின் அச்சகத் தாள்களுக்கு எலும்புக்கூட்டுப் படங்கள் செதுக்கியவர் ஹோசே குவாதலூப்பே பொசாதா (1852–1913). இன்று விழாவின் அடையாளமாகிவிட்ட, பூத்தொப்பி அணிந்த ‘கத்ரீனா’ அவர் கைவண்ணம். மெக்சிகோ பள்ளிகளில் மாணவர்கள் இப்பாட்டைத் தங்கள் ஆசிரியர்மேலேயே எழுதுவதுண்டு. அயல்நாட்டு வகுப்பிலும் தலைமையாசிரியரைக் கிண்டலடிக்க அனுமதி கிடைத்தால் அகராதியைத் தேடாத மாணவன் அரிது.

பிற பண்டிகைகளிலும் இத்தகைய பொருத்தம் உண்டு. பிரான்சில் ஜனவரி 6ஐ ஒட்டி வெட்டப்படும் மன்னர் அப்பத்துக்குள் ஒரு சிறு பொம்மை ஒளிந்திருக்கும். வயதில் இளையவர் மேசைக்கு அடியில் புகுந்து, இந்தத் துண்டு யாருக்கு என்று கேட்கக் கேட்கப் பெயர் சொல்வார். கேள்வியும் பதிலும் சடங்கிலேயே இருப்பதால் ஆசிரியர் புதிதாக எதுவும் புனைய வேண்டியதில்லை. ஸ்பெயினில் புத்தாண்டு நள்ளிரவு மணியோசைக்கு ஒன்றாகத் தின்னும் பன்னிரண்டு திராட்சையை, பன்னிரண்டு விருப்ப வாக்கியமாக்கலாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1996இல் வெளியான அயல்மொழிக் கல்வித் தரநிலைகள், பண்பாட்டைப் பொருள், வழக்கம், அவற்றின் பின்னுள்ள பார்வை என மூன்றாகப் பிரித்தன. பெரும்பாலான பண்டிகைப் பாடங்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன என்பதே நியாயமான குறை. அக்டோபர் 31இல் வரும் ஹாலோவீனை அடுத்து வரும் இறந்தோர் நாளை மெக்சிகோவின் ஹாலோவீன் என்று மாணவர் எண்ணிவிடுவதும் அதனால்தான். சமயம் பற்றிய தயக்கமும் எழும். 1963ஆம் ஆண்டு ஷெம்ப் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், அரசுப் பள்ளி வழிபாடு நடத்தக் கூடாது, சமயத்தைப் பாடமாகப் படிக்கலாம் என்று கோடு கிழித்தது. விளக்குவதற்காக வைக்கும் படையல் அந்தக் கோட்டுக்குள் நிற்கும்; வணங்கச் சொன்னால் நிற்காது. இதைவிட நுட்பமானது துக்கம். அண்மையில் தாயையோ தம்பியையோ இழந்த பிள்ளையிடம் குடும்பப் படம் கேட்பது கொடுமை. ஓவியர் ஃப்ரீதா காலோ (1907–1954), நகைச்சுவை நடிகர் கந்தின்ஃப்லாஸ் (1911–1993) போன்ற பொது மனிதர்களைத் தேர்ந்துகொள்ள எல்லோருக்குமே வழி திறந்து வைத்தால், யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள்.

ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் அனைத்தும் இறந்தோர் நாளை ஒரே மாதிரி கொண்டாடுவதில்லை. குவாத்தமாலாவில் சும்பாங்கோ, சாந்தியாகோ சகத்தேபேக்கேஸ் ஊர்களில் மாபெரும் வட்டப் பட்டங்கள் விடுகிறார்கள். ஈக்வடாரில் கருஊதா மக்காச்சோள மாவில் காய்ச்சிய பழக்கூழ்ப் பானமும் குழந்தை வடிவ ரொட்டியும் உண்டு. ஸ்பெயினிலோ நவம்பர் 1இல் குடும்பத்தோடு கல்லறைக்குப் பூ கொண்டு செல்வதே பெரிது. 2016 முதல் மெக்சிகோ நகரில் நடக்கும் பிரம்மாண்ட ஊர்வலம்கூடப் பழைய மரபன்று. 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் கற்பனைக் காட்சியைப் பார்த்துத் தொடங்கியது.