ஜே.ஆரும் பத்திரிகைகளும் – ஒரு பாதிச் செய்தியின் கதை

கன நாளாக எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த விடயம் இது. வேலை முடிந்து வீட்டுக்கு வர இரவு ஒரு மணியாகிவிடுகிறது. பிறகு எங்கே எழுதுவது? போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ரெலிபோனில் கதைத்தபோது வழமைபோல அவர் முதலில் கேட்டது "பேப்பர் பாத்தனியே?" என்றுதான். சாப்பிட்டாயா என்பது எப்போதும் இரண்டாவது கேள்வி.

அப்பா ஊரில் இப்பவும் இரண்டு பத்திரிகை வாங்குகிறார். வீட்டில சும்மா இருக்கிற மனிசனுக்கு ஏன் இரண்டு பேப்பர் என்று அம்மா புறுபுறுப்பார். "ஒண்டை மட்டும் வாசிச்சால் பாதிதான் தெரியும். பாதி தெரியிறது ஒண்டும் தெரியாததை விடப் பொல்லாதது" என்பது அப்பாவின் பதில். சின்ன வயதில் இதை ஒரு விசர்க்கதை என்று நினைத்தேன். அந்தப் பாதி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று பிறகுதான் விளங்கியது. அதைச் சொல்வதென்றால் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜே.ஆருக்குப் பத்திரிகை என்பது புதிய சாமான் இல்லை. லேக் ஹவுஸ் நிறுவனத்தை (எங்கட ஆட்கள் ஏரிக்கரைப் பத்திரிகைகள் என்று சொல்வார்களே, அதுதான்) தொடங்கிய டி.ஆர். விஜேவர்த்தனா அவருடைய தாய்மாமன். டெய்லி நியூஸ், தினமின, தினகரன் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஒரு பத்திரிகை என்ன செய்யும், என்ன செய்யாது என்பது இலங்கை அரசியல்வாதிகளில் வேறு எவரையும் விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

1973 இல் சிறிமாவோ அரசு ஒரு சட்டம் போட்டு லேக் ஹவுஸைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. அடுத்த வருடம் தவச நிறுவனத்துக்கும் சீல் வைத்தார்கள். தினபதியும் சிந்தாமணியும் அங்கேதான் வந்துகொண்டிருந்தன. அப்போது எதிர்க்கட்சியில் இருந்த ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சி, பத்திரிகைச் சுதந்திரம் செத்துப்போச்சு என்று ஊரெல்லாம் கூட்டம் போட்டுக் கத்தியது. நியாயமான கத்தல்தான்.

1977 யூலைத் தேர்தலில் அவர்களுக்கு ஆறில் ஐந்து பங்கு ஆசனம் கிடைத்தது. ஆனால் லேக் ஹவுஸ்? அது அரசின் கையிலேயே இருந்தது. போதாததற்கு ரைம்ஸ் நிறுவனத்தையும் அந்த வருடமே அரசு எடுத்துக்கொண்டது. மற்றவன் கையில் இருக்கும்போது அது கத்தி. தன் கையில் வந்ததும் அது மரக்கறி வெட்டும் சாமான்!

1978 பெப்ரவரி 4 ஆம் திகதி அவர் நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதலாவது ஜனாதிபதியானார். அந்த வருடமே, நீதிமன்றத்துக்குப் போகாமல் பத்திரிகையாளரைத் தண்டிக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றம் எடுத்துக்கொண்டது. முதலில் பிடிபட்டவர்கள் அரசின் சொந்தப் பத்திரிகையான ஒப்சேவரில் வேலை செய்த இரண்டு பேர். செய்த குற்றம், ஓர் அமைச்சரின் படத்துக்குக் கீழே போட்ட வசனம் மாறிப்போனது! அவர்களுக்குத் தண்டம் அடித்தார்கள். செப்டெம்பரில் வந்த அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரையோ பேச்சுச் சுதந்திரத்தையும் வெளியிடும் சுதந்திரத்தையும் அழகாக எழுதி வைத்திருக்கிறது.

1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது எல்லோருக்கும் தெரியும். அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டதை நாங்கள் அவ்வளவாக நினைப்பதில்லை. 1959 இலிருந்து யாழ்ப்பாணத்தில் வந்துகொண்டிருந்த பத்திரிகை அது. நூலகம் பழைய எழுத்து, பத்திரிகை அன்றன்றைய எழுத்து. இரண்டும் ஒன்றாகவே எரிந்தன.

இது தமிழருக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1982 டிசெம்பர் 22 ஆம் திகதி, தேர்தல் வைக்காமலே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்ட ஜே.ஆர். ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தினார். விளக்கா, குடமா என்று கேட்ட வாக்கெடுப்பு. அதற்கு முன்னர் கம்யூனிஸ்ட் கட்சியின் சிங்களப் பத்திரிகையான அத்தவின் அச்சகத்துக்குச் சீல் வைக்கப்பட்டது. சிங்களச் சனத்துக்குக் குடத்தின் பக்கத்தைச் சொல்லக்கூடிய பத்திரிகை அப்படித்தான் வாய்மூடியது.

இனி 1983 க்கு வருவோம்.

எங்கள் வீடு திருநெல்வேலியில். பக்கத்து வாசிகசாலையில் பின்னேரங்களில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்களாம். சுதந்திரன் வந்தால் பெடியளுக்குள் இழுபறி. செல்வநாயகம் 1947 இல் தொடங்கிய பத்திரிகை அது. ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர்கள் சற்றடே றிவியூவைத் தேடுவார்கள். 1982 தொடக்கத்தில் எஸ். சிவநாயகத்தை ஆசிரியராகக் கொண்டு யாழ்ப்பாணத்தில் வெளிவரத் தொடங்கிய வாரப்பத்திரிகை. யாழ்ப்பாணத்தில் நடப்பதைக் கொழும்புக்கும் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது அது.

1983 யூலை மாதம் பிறந்ததும் அவசரகாலச் சட்டத்தின் கீழ் இரண்டுக்கும் சீல் வைத்தார்கள்.

பத்து நாள் போகவில்லை. யூலை 11 ஆம் திகதி லண்டன் டெய்லி ரெலிகிராப் பத்திரிகையில் ஜே.ஆர். ஐயன் வார்ட் என்ற நிருபருக்குக் கொடுத்த பேட்டி வெளிவந்தது. யாழ்ப்பாண மக்களின் அபிப்பிராயத்தைப் பற்றித் தனக்கு இப்போது கவலையில்லை என்று அதில் சொன்னார். அவர்களுடைய உயிரைப் பற்றியோ, தங்களைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பற்றியோ இப்போது யோசிக்க முடியாது என்பதுதான் சாரம். தமிழர்களில் அனேகம் பேருக்கு இந்தப் பேட்டி மனப்பாடம். ஆனால் நான் பார்ப்பது அந்தத் திகதிகளை. யாழ்ப்பாணத்துச் சனத்தின் அபிப்பிராயத்தைச் சொல்லும் பத்திரிகைகளைப் பூட்டிய கையோடுதான், அந்த அபிப்பிராயத்தைப் பற்றிக் கவலையில்லை என்று ஒரு வெளிநாட்டு நிருபருக்குச் சொல்கிறார்.

நான் பாரிசில் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் பதினைந்து வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். முதலாளிமார் முன்னால் இருக்கும் வாடிக்கையாளரோடு எவ்வளவு நயமாகக் கதைப்பார்கள் என்பதைக் கதவுக்கு இங்கால நின்று கேட்டிருக்கிறேன். சாப்பாடு பிந்தினால் "குசினியில் ஆட்கள் சரியில்லை" என்பார்கள். இரண்டு பேர் செய்யும் வேலையை அன்று ஒருவன் செய்தான் என்பதை யார் போய்ச் சொல்வது? கதவுக்கு அங்கால போய்க் கதைக்க எங்களுக்கு அனுமதியில்லை. ஜே.ஆரின் பேட்டியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதவுதான் ஞாபகம் வரும்.

யூலை 23 இரவு திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் இறந்தார்கள். விடிய, இராணுவம் எங்கள் பக்கத்து ஊர்களில் கண்டவர்களையெல்லாம் சுட்டது. வீட்டுக்குள் புகுந்தும் சுட்டார்கள். இறந்தவர்கள் ஐம்பது பேரளவில். எனக்கு அப்போது ஒன்றரை வயது. அம்மா என்னை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு அடுப்படி நிலத்தில் குப்புறக் கிடந்தாராம். நான் அழாமல் இருக்க வாயில் சீனி போட்டாராம்.

அப்பா அப்போது கொழும்பில் ஒரு கம்பனியில் கிளாக்கர். 25 ஆம் திகதி திங்கட்கிழமை காலை வழமைபோல வேலைக்குப் போயிருக்கிறார். கூட வேலை செய்த சிங்களவர், ஸ்ரோர்கீப்பர், அன்றைய பேப்பரைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். 13 இராணுவத்தினர் இறந்த செய்தி முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. திருநெல்வேலியில் செத்த சனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தணிக்கை. ஒரு பாதிக்குத் தலைப்பு, மற்றப் பாதிக்குத் தடை.

"உங்கட ஆக்கள் ஏன் இப்பிடிச் செய்தவை?" என்று அந்த மனிதர் கேட்டாராம். கோபமாகக்கூட இல்லை, கவலையாகத்தான். அப்பாவிடம் பதில் இருக்கவில்லை. மனிசியும் பிள்ளையும் முதல்நாள் நிலத்தில் கிடந்தது அவருக்கும் தெரியாதே! தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன் என்று சொல்வார். அதைச் சொல்லும்போது இப்பவும் குனிவார்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் புகை. அதே ஸ்ரோர்கீப்பர்தான் அப்பாவைப் பொருட்கள் அடுக்கும் அறைக்குள் விட்டு வெளியால் பூட்டி, திறப்பைத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். இரவு தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு அகதி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. ஊருக்கு வந்த பிறகுதான் அப்பாவுக்கு மற்றப் பாதி தெரிந்தது.

அன்று கொழும்பில் தடியும் பெற்றோலுமாகத் திரிந்தவர்கள் எல்லோரும் பேப்பர் வாசித்துவிட்டு வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. கையில் வாக்காளர் பட்டியலோடு வந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆயிரக்கணக்கான சாதாரண சனத்துக்கு அந்தப் பாதிச் செய்தி ஒரு நியாயத்தைக் கொடுத்தது. தணிக்கை என்றால் செய்தியை மறைப்பது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். எந்தப் பாதியைக் காட்டுவது என்று தெரிவு செய்வதுதான் அதைவிடப் பயங்கரம். 28 ஆம் திகதி ஜே.ஆர். தொலைக்காட்சியில் பேசினார். பிரிவினையைத் தடைசெய்யச் சட்டம் வரும் என்றார். வீடிழந்து முகாம்களில் கிடந்த தமிழருக்கு ஆறுதலாக ஒரு சொல் வரவில்லை.

சற்றடே றிவியூ 1984 இல் மறுபடி வந்தது. அதை யாழ்ப்பாணத்தில் இருந்து நடத்தியவர் காமினி நவரத்தின என்ற சிங்களவர். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஒருவரும் சொல்லித் தரவும் இல்லை. எனக்குச் சொல்லப்பட்ட வரலாற்றிலும் அத்தவுக்கு வைத்த சீல் இல்லை, ஸ்ரோர்கீப்பரின் திறப்பு இல்லை. அந்த 13 பேரும் ஏழைச் சிங்களக் குடும்பங்களின் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பும் இல்லை. எங்கட இயக்கங்களும் பத்திரிகைகளுக்கு எதை எழுது, எதை எழுதாதே என்று கட்டளை போட்டவைதானே. அப்போது நாங்களும் பாதியைத்தான் வாசித்தோம். அது எங்கட பாதி என்றபடியால் முழுசு என்று நினைத்தோம்.

ஜே.ஆர். 1989 யனவரியில் பதவி விட்டுப்போனார். 1996 இல் இறந்தார். சீல் வைக்கும் காலம் போய்ச் சுடும் காலம் வந்தது. பிரேமதாசா காலத்தில் 1990 இல் றிச்சர்ட் டி சொய்சா, சந்திரிகா காலத்தில் 2000 இல் நிமலராஜன், மகிந்த காலத்தில் 2009 இல் லசந்த. நான் யாழ். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 2006 மே 2 ஆம் திகதி இரவு உதயன் அலுவலகத்துக்குள் துவக்கோடு புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். அடுத்தநாள் பேப்பர் வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சடித்து வந்த பத்திரிகை அது, நிற்குமா? ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டது. என் படிப்பும் அதோடு பாதியில் நின்றது.

கடைசியாக ஒன்று. சமாதான காலத்தில் பாதை திறந்திருந்தபோது, 2003 இல் அப்பா அந்த ஸ்ரோர்கீப்பரைத் தேடிக் கொழும்புக்குப் போனார். நானும் கூடப் போனேன். மனிசன் வயதாகி, கண் தெரியாமல் இருந்தார். அப்பாவின் கையை விடவேயில்லை. தேத்தண்ணி குடித்தபிறகு அப்பா அந்த 24 ஆம் திகதி திருநெல்வேலியில் நடந்ததைத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். இருபது வருடம் பிந்திய பதில். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"அது பேப்பரில வரேல்லையே?"

அப்பா இல்லை என்று தலையாட்டினார். அவருக்குக் கண் தெரியாது என்பது ஞாபகம் வந்து, வாயாலும் சொன்னார்.

எங்கட பிள்ளைகள் இங்கே பிறந்து வளர்கிறார்கள். அவர்களுக்கு 83 ஐச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. நாளைக்குக் காலமை வேலை, மிச்சம் இன்னொரு நாளைக்கு.