ஆஸ்டெரிக்ஸ்: ஏட்டிலிருந்து திரைக்கு

1959 அக்டோபர் 29 அன்று வெளியான ‘பிலோத்’ வார இதழின் முதல் எண்ணிலேயே ஆஸ்டெரிக்ஸ் அறிமுகமானான். 1967-இல் அவன் திரையேறியபோது, கதை எழுதிய ரெனே கோசினிக்கும் சித்திரம் தீட்டிய அல்பேர் உதெர்சோவுக்கும் அதில் பங்கில்லை. அவர்களைக் கலக்காமலேயே பிரசல்ஸின் பெல்விஷன் கூடம் முதல் தொகுப்பை அசைபடமாக்கி முடித்திருந்தது. கட்டத்துக்குக் கட்டம் நின்று நாம் சிரித்த நகைச்சுவை அங்கே வெறும் ஓட்டமாகிவிடுகிறது.

படைப்பாளிகள் சினந்தனர். அடுத்து வரவிருந்த ‘பொன் அரிவாள்’ கைவிடப்பட்டது. 1968-இன் ‘கிளியோபாட்ரா’வை அவர்களே முன்னின்று இயக்கினர். எனினும் நிறைவு கிட்டவில்லை போலும். 1974-இல் சொந்தமாகவே ஒரு கூடத்தை நிறுவி, ஒபெலிக்ஸின் நாய்க்குட்டியான இதெஃபிக்ஸின் பெயரைச் சூட்டினர்.

அங்கே உருவான ‘பன்னிரு பணிகள்’ (1976) எந்தத் தொகுப்பையும் தழுவாமல் திரைக்கென்றே எழுதப்பட்டது. நம் கணிப்பில் அதன் வெற்றி இதில்தான் இருக்கிறது. ‘ஏ 38’ என்னும் அனுமதிச்சீட்டுக்காக வீரர்கள் இருவரும் ஓர் அலுவலக மாளிகையில் மாடிமாடியாக, சாளரம்சாளரமாக அலைக்கழிக்கப்படும் காட்சி அசைவினாலேயே உயிர்பெறுவது. ஏட்டில் இவ்வளவு மூச்சிரைக்காது. (தாலுகா அலுவலகப் படியேறியவர்களுக்கு உரை தேவையில்லை.)

1977 நவம்பரில் கோசினி காலமானார். லயன் காமிக்ஸ் வழியே தமிழ் வாசகர் அறிந்த லக்கி லூக்கின் டால்டன் சகோதரர் கதை 1978-இல் வெளிவந்தது. கூடத்தின் கடைசிப் படம் அதுவே.