பெயரில்லாப் பிள்ளைகள்

கோப்பெருஞ்சோழன் என்றதும் நமக்குப் பிசிராந்தையார்தான் ஞாபகம் வருகிறார். எம்.ஏ. வகுப்பில் நானும் அந்த நட்பைத்தான் பக்கம் பக்கமாக எழுதினேன். இந்த உறையூர் அரசனை எதிர்த்துக் கிளம்பிய அவன் பிள்ளைகள் இருவருக்கும் புறநானூறு பெயர்கூடத் தரவில்லை.

213ஆம் பாட்டில் புல்லாற்றூர் எயிற்றியனார் அரசனைத் தடுக்கிறார்: வந்திருப்பவர்கள் பகைவரல்லர், உனக்குப் பின் நாடு அவர்களுக்குத்தானே. கூடவே அவர்களை யோசனையில்லாத இளையோர் என்றும் சொல்லிவிடுகிறார். சரி, யோசிக்கச் சொல்லித்தந்திருக்க வேண்டியவர் யார்? அப்பனே பாட்டுக் கட்டத் தெரிந்தவன்; சுற்றிலும் புலவர்கள். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று அந்தப் பாட்டுகளில் ஒரு வரி இல்லை.

அதே அரசன் வடக்கிருந்தபோது, கூடவே உயிர்விட வந்த பொத்தியாரை, மகன் பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பினான் (222). ஊரான் பிள்ளைக்கு அப்பன் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ம் உறையூர்க் கதைதான். அதில் அப்பன் தன் கனவைச் சித்திரங்களாகக் காட்டி, மகன் தலையில் ஏற்றிவிட்டுப் போர்க்களத்தில் சாகிறான். விக்கிரமனுக்குப் பெயர் உண்டு. சொந்தக் கனவு உண்டா?

நட்பு, வீரம் என்ற சொல்லாடல்களுக்குள் பிள்ளை வெறும் வாரிசு. கூட்டம், பத்திரிகை என்று அலைகிற நாமும் இதை வாசிக்க வேண்டும். நாம் வீடு போய்ச் சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.