2038-ல் கடிகாரங்களைக் குழப்பப்போகும் 2,14,74,83,647... அப்படி என்ன இருக்கு இந்த எண்ணில்?

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடியே, திருத்தப்படாத சில பழைய கருவிகளின் கடிகாரம் 1901 டிசம்பருக்குப் போய்விடும். காரணம், 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்ற ஒரே ஓர் எண்.

எங்கிருந்து வந்தது?

சதுரங்கப் பலகைக் கதை ஞாபகம் இருக்கா? முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் 2, பிறகு 4, 8 என்று இரட்டிப்பாகும். முதல் 31 கட்டங்களில் உள்ள நெல்மணிகளைக் கூட்டினால் சரியாக இந்த எண் வரும். அதாவது 31 இரண்டுகளைப் பெருக்கி, அதில் 1-ஐக் கழித்தது.

இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. 1644-லேயே மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இப்படிச் சொல்லிவிட்டார். ஆனால், அவர் பட்டியலில் இருந்த வேறு சில எண்கள் பிற்பாடு தப்பாகிப் போனதால், சொன்னால் மட்டும் போதாது, நிரூபிக்கணும். அதை 1772-ல் செய்தவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட முழுவதுமாகப் பார்வை போயிருந்தது!

நேரடியாகச் சோதிப்பதென்றால், 46,340 வரையுள்ள சுமார் 4,800 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் ஒரு குறுக்குவழி பிடித்தார். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வரும். மற்றதையெல்லாம் தொடவே வேண்டாம். வேலை அறுபதில் ஒரு பங்காகக் குறைந்தது. மிச்சமிருந்த எதனாலும் வகுபடவில்லை.

கம்ப்யூட்டருக்கு என்ன சம்பந்தம்?

32 பிட் முறையில் ஓர் எண்ணைச் சேமிக்க 32 ஸ்விட்சுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிளஸ், மைனஸுக்கு. மீதி 31-ம் 'ஆன்' ஆனால் வருவது இதே 2,14,74,83,647. அதற்குமேல் 1 கூட்டினால், அந்த மைனஸ் ஸ்விட்ச் விழுந்துவிடும். 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் வியூஸ் 2014-ல் இந்த எல்லையை நெருங்கியதால்தான், யூடியூப் தன் எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்றியது.

பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடி விநாடியாக எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. அந்தக் கணக்கு 2038-ல் இந்த எண்ணைத் தொடும். அடுத்த விநாடி மைனஸ் ஆகி, 1970-க்கு 68 ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும்.

நம்ம போனுக்கு ஆபத்தா?

64 பிட்டில் ஓடும் இன்றைய போன்களுக்குப் பயமில்லை. அதில் சுமார் 29,200 கோடி ஆண்டுகள் வரை எண்ணலாம். 32 பிட் கருவிகளுக்கான திருத்தம் லினக்ஸில் 2020-ல் வந்த 5.6 பதிப்பில் சேர்ந்தது. சிக்கல், ஒருமுறை பொருத்திவிட்டு அப்டேட்டே செய்யாத பழைய கருவிகளில்தான். 2038 வரை காத்திருக்கவும் தேவையில்லை: இன்று 20 வருஷ வீட்டுக்கடன் வாங்கினால், கடைசித் தவணைத் தேதியைப் போட மென்பொருள் இப்போதே அந்த எல்லையைத் தாண்டியாக வேண்டும்.