காலால் குடிப்பது

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மா. ‘ஏகாம்ரம்’, ஒற்றை மா என்பதிலிருந்தே கோயிலின் பெயர் வந்தது என்பார்கள். அந்த மரத்தைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் சொல் வேறு: பாதவம்.

மரத்தைக் குறிக்கும் இச்சொல் வடமொழிப் ‘பாதபம்’ தமிழுக்கு வந்த வடிவம். பாதத்தால் பருகுவது என்று பொருள். ஔவையாரின் மூதுரையும் தென்னையை இதே கண்ணால், தாளால் நீருண்பதாகப் பார்க்கிறது. தமிழின் ‘தாள்’ காலுக்கும் பெயர், பயிரின் தண்டுக்கும் பெயர். அறுத்த வயலில் எஞ்சுவது அரிதாள். மரத்துக்கு அடியில்தான் வாய் என்று இரு மொழியும் கண்டிருக்கின்றன.

கண்டது சரிதான். வேர்த்தூவிகள் மண்ணின் ஈரத்தை வாங்குகின்றன. சைலக் குழாய்கள் ஏற்றுகின்றன. ஆனால் ஏற்றும் விசை மேலே இருக்கிறது. இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, கீழிருக்கும் நீர்க்கம்பி அறுபடாமல் இழுபட்டு வருகிறது. குடிப்பது கால், உறிஞ்சுவது தலை.

நீர் மட்டும் மரமாகிவிடுமா? ஆகும் என்றே நம்பினார் வேதியியலாளர் ஹெல்மாண்ட். 200 பவுண்டு உலர்மண்ணில் 5 பவுண்டு வில்லோக் கன்றை நட்டு, ஐந்தாண்டு நீரூற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் ஆயிற்று. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். 1648இல் அச்சேறிய அந்தக் கணக்கில் காற்று விடுபட்டுப்போயிற்று. 1804இல் வேதியியலாளர் சொசூர் அளந்து காட்டினார்: செடியின் கரி காற்றின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது, நீரும் அதன் எடையில் சேர்கிறது. காற்றின் 10,000 பங்கில் சுமார் 4 பங்கே உள்ள அந்த வாயு, இலைத்துளைகள் வழியாக நுழைகிறது. மாவிலையில் இத்துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி, இப்படி வந்த கரி.

வடமொழியில் ‘பவனாசனம்’ என்றொரு சொல் உண்டு, காற்றை உண்பது. அதைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டார்கள். பாம்பு தவளையையும் எலியையும் தின்று வாழ்கிறது. உண்மையில் காற்றை உண்ணும் மரத்துக்கு அந்தப் பெயர் வாய்க்கவில்லை. துளைகள் கண்ணுக்குத் தெரியாதவை. வேரோ கண்ணெதிரே இருக்கிறது.

இதே காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தறியில் பாவாக ஏறும் பட்டு, பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. அங்கே புழு தின்றது மல்பெரி இலை. நூலிலுள்ள கரி அந்த இலையின் துளை வழியே புகுந்தது. நைட்ரஜன் வேர் வழியே ஏறியது. நெசவாளர் விரலில் ஓடும் இழையில் காற்றும் மண்ணும் ஒன்றாகவே வருகின்றன.