சௌராட்டிர மொழி ஆய்வுகள்

சௌராட்டிர மொழி ஆய்வுகள் என்பன, மதுரையையும் அதன் சுற்றுப்புற ஊர்களையும் முதன்மை வாழிடமாகக் கொண்ட சௌராட்டிரர் பேசும் மொழியின் ஒலி, இலக்கணம், எழுத்து ஆகியவற்றைப் பற்றி மொழியியலாளர் மேற்கொண்ட ஆய்வுகள் ஆகும். சௌராட்டிரம் இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பல நூற்றாண்டுகளாகத் திராவிட மொழிகளின் நடுவே பேசப்பட்டு வருவதால், அயல் மொழிகளுடன் நெருங்கிப் பழகும் ஒரு மொழி எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய இது சிறந்த சான்றாகக் கருதப்படுகிறது.

பின்னணி

சௌராட்டிரர் நெசவுத் தொழிலில் ஈடுபட்டோர் ஆதலால் பட்டுநூல்காரர் என்றும் அழைக்கப்பட்டனர். இவர்கள் குசராத்திலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விசயநகரம் ஆகியவற்றின் வழியாக நாயக்கர் காலத்தில் மதுரையை அடைந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. மொழியின் சொற்களும் இதற்குத் துணை நிற்கின்றன. குசராத்தியோடு தொடர்புடைய அடிப்படைச் சொற்களின் மேல் மராத்தி, தெலுங்கு, தமிழ்ச் சொற்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்துள்ளன. மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையைச் சுற்றியுள்ள பகுதிகளிலும், பரமக்குடி, திண்டுக்கல், சேலம், கும்பகோணம், தஞ்சாவூர் முதலிய ஊர்களிலும் இம்மொழி பேசப்படுகிறது.

முதன்மை ஆய்வுகள்

சார்ச்சு கிரியர்சன் தொகுத்த இந்திய மொழியியல் அளவாய்வின் 1908 ஆம் ஆண்டுத் தொகுதியில் இம்மொழி 'பட்ணூலி' என்னும் பெயரில் குசராத்தியின் கிளைமொழியாகச் சேர்க்கப்பட்டது. 1940களில் இலண்டனில் எச். என். ராண்டில் இதனைத் தென்னிந்தியாவின் ஓர் இந்தோ-ஆரிய மொழியாக விளக்கிக் கட்டுரைகள் வெளியிட்டார். குசராத்தி மொழியியலாளர் பிரபோத் பண்டிட் 1972 இல் வெளிவந்த தம் நூலில் தமிழ், சௌராட்டிர இலக்கணங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். சப்பானிய அறிஞர் நொரிகிகோ உச்சிடா சௌராட்டிரரின் வாய்மொழி இலக்கியத்தைத் தொகுத்து 1979 இலும், சௌராட்டிர-ஆங்கில அகரமுதலியை 1990 இலும் வெளியிட்டார்.

ஒலியமைப்பு

சௌராட்டிரத்தில் இருவேறு மரபுகள் கலந்துள்ளன. வடமொழிகளில் உள்ளது போல வல்லினத்தில் மூச்சொலிகளும் அதிர்வொலிகளும் பொருளை வேறுபடுத்துகின்றன. எடுத்துக்காட்டாக, வீட்டைக் குறிக்கும் 'கேர்' என்னும் சொல்லின் முதலெழுத்து தமிழ்க் ககரம் அன்று; அதிர்வும் மூச்சும் சேர்ந்த ஒலி. மகரம், னகரம், ரகரம், லகரம் ஆகியனவும் மூச்சோடு ஒலிக்கும் தனி வடிவங்களைப் பெற்றுள்ளன. மறுபுறம், தமிழிலும் தெலுங்கிலும் உள்ளது போல எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் குறில், நெடில் எனப் பிரிந்து நிற்கின்றன.

தமிழுடன் ஒருங்கிணைவு

இலக்கணத்தில் தமிழின் தாக்கம் மிகுதி. 'நேற்று வந்த பையன்' என்பதைக் குசராத்தியில் பொதுவாக 'எவன் வந்தானோ அவன்' என்பது போன்ற அமைப்பில் கூறுவர். சௌராட்டிரமோ தமிழ் போலவே பெயரெச்சத்தைப் பயன்படுத்துகிறது. பிறர் கூற்றை எடுத்துரைக்கும்போது, 'சொல்' எனப் பொருள்படும் வினையிலிருந்து தோன்றிய ஒரு சொல், தமிழில் 'என்று' நிற்கும் இடத்திலேயே நிற்கிறது. இரு மொழிகளையும் நாள்தோறும் பேசுவோரிடம் சொற்கள் வேறாக இருந்தபோதும் வாக்கிய அமைப்பு ஒன்றை ஒன்று நெருங்கி விடுகிறது என்பதைப் பண்டிட்டின் ஒப்பீடு காட்டியது. ஒரு மொழி சொற்களைக் கடன் வாங்குவதைக் காட்டிலும் ஆழமான மாற்றம் இதுவாகும்.

எழுத்து

இம்மொழிக்குத் தனி எழுத்து உண்டு. மதுரையைச் சேர்ந்த டி. எம். இராமராய் (1852–1913) அதனைச் சீர்படுத்தி அச்சு நூல்கள் வெளியிட்டார். எனினும் பெரும்பாலோர் தமிழ் எழுத்திலேயே எழுதுகின்றனர். தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் ஒரே வடிவம் பெற்றிருப்பதால் எழுத்தின் மேல் 2, 3, 4 என்னும் எண்களும், மூச்சொலியைக் காட்ட முக்காற்புள்ளி போன்ற குறியும் சேர்க்கப்படுகின்றன. தேவநாகரியைப் பயன்படுத்துவோரும் உளர். எந்த எழுத்து ஏற்றது என்னும் விவாதம் நெடுங்காலமாக நடந்து வருகிறது.

சௌராட்டிர எழுத்து 2008 இல் ஒருங்குறியின் 5.1 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. மேற்கூறிய மூச்சு மெல்லின, இடையின ஒலிகளுக்கென ஒரு தனிக் குறியும் அதில் உண்டு. கூகிள் நிறுவனத்தின் நோட்டோ தொகுதியில் இதற்கான எழுத்துரு கிடைக்கிறது.

வகைப்பாடும் இன்றைய நிலையும்

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் சௌராட்டிரத்தைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டோர் 2001 இல் 1,85,420 பேர். 2011 இல் 2,47,702 பேர். பத்தாண்டுகளில் ஏற்பட்ட இவ்வுயர்வைப் பிறப்பு விகிதத்தால் மட்டும் விளக்க இயலாது. மக்கள் தம் மொழிக்குக் கூறும் பெயரையே கணக்கெடுப்பு பதிவு செய்கிறது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவ்விரு கணக்கெடுப்புகளிலும் சௌராட்டிரம் குசராத்தி என்னும் தலைப்பின் கீழ் ஒரு தாய்மொழியாகவே தொகுக்கப்பட்டுள்ளது. ஆகவே மொழிகளின் பட்டியலை மட்டும் காண்போர் கண்ணுக்கு அது தனியே தென்படுவதில்லை. தமிழோடு இத்துணை நெருங்கிவிட்ட இலக்கணத்தைக் கொண்ட மொழியைக் குசராத்தியின் கிளைமொழி என்று கொள்வது எவ்வளவு பொருந்தும் என்னும் வினாவை மேற்கண்ட ஆய்வுகள் எழுப்புகின்றன.

சௌராட்டிரக் குழந்தைகள் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கற்கின்றனர். தாய்மொழியைப் பெரும்பாலும் வீட்டில் கேட்டே அறிகின்றனர். ஆதலால் இம்மொழியின் தொடர்ச்சி எழுத்தை விட வீட்டுப் பேச்சையே பெரிதும் சார்ந்துள்ளது. ஒருங்குறியும் எழுத்துருவும் எழுதப்பட்டதைக் காக்கும். மூத்தோரின் பேச்சில் உள்ள மூச்சொலிகளையும் வாய்மொழிக் கதைகளையும் காக்க ஒலிப்பதிவுகள் தேவைப்படுகின்றன.